சொன்ன நேரத்துக்குச் சோறு

என்னிடம் யாரும் மணி கேட்பதில்லை. தவறிப்போய்க் கேட்டுவிட்டாலும், இன்னொருவரிடம் விசாரித்த பிறகுதான் நம்புவார்கள். என் மனைவியும் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் என்னை நம்ப மாட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் இவனை விட்டது என்பாள் என் அக்கா சரசு.) அதன் பிறகு கொழும்பில் மூட்டை தூக்கினேன், வரக்காப்பொலையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன், புத்தளத்தில் உப்பு வாரினேன். உப்பில் பாதம் வெடித்து நடக்க முடியாமல் போனபோது ஊர் ஞாபகம் வந்தது. ஊர் என்றால் யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டம். அங்கே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பால் வெட்டும் அக்காவின் வீடு. அக்கா புருஷனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. இரண்டு வாரத்தில் அது என்னிடம் இருந்தது.

அதை வைத்துத்தான் தொழில் தொடங்கினேன். தோட்டத்து ஆபீசான கந்தோர், பேங்க், மர டிப்போ என்று பகல் சாப்பாட்டுக்கு டவுன் கடைக்கு இறங்கி வர முடியாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காலையில் சுற்றிப்போய் யாருக்கு எந்தக் கடையில் என்ன வேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொள்வேன். பகலில் கடைகளில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். போன் கிடையாது, கூட்டாளி கிடையாது, அனுபவமும் கிடையாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பழைய தேயிலைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள் இருந்ததால் சோறு சூடு ஆறாது. பெட்டியின் மேல் சிவப்புப் பெயின்டில் எழுதுவித்தேன்: ‘சொன்ன நேரத்துக்குச் சோறு.’

ஆறு வாரம் நன்றாகத்தான் ஓடியது. அந்தத் திமிரில்தான் மருத்துவிச்சி நோனாவின் வீட்டுப் படி ஏறினேன். (நோனா என்றால் சிங்களத்தில் அம்மா, மரியாதைக்கு.)

நோனா தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்களவர், ஆனால் எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், நானும்தான். நான் பிறந்த விடியற்காலை கொட்டும் மழையில் இரண்டு ஓடை தாண்டி நடந்து வந்தார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருடைய கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, ஐந்து பிக்குகளை அழைத்துப் பகல் சாப்பாடு போட்டுத் தானம் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண்கள் சமைக்க வருகிறார்கள் என்றார்.

“எதுக்கு நோனா இந்தப் பாடு? முழங்கால் வலியோட அடுப்புக்கிட்ட நிப்பீங்களா? சைவக் கடையில சொல்லி எல்லாத்தையும் நான் கொண்டாறேன். நீங்க உக்காந்து பண கேளுங்க” என்றேன். (பண என்றால் பிக்குகளின் பிரசங்கம். எனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் அன்றைக்கு இறக்கினேன்.)

நோனா முழங்காலைத் தடவிக்கொண்டார். (என்னைப் புத்தா, அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார்.) “பதினொன்றரைக்குள்ள வந்துரணும் புத்தா. அவருக்காகக் குடுக்கிற மொத வருசத் தானம். பிந்தக் கூடாது.”

“பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க நோனா.”

அவர் சிரித்தார். சமைக்க வரவேண்டாம் என்று பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வருடம் மின்சாரத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிவிட்டிருந்தது. பழைய பதினொரு மணி, புதுப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. யார் மணி சொன்னாலும் “புது நேரமா, பழைய நேரமா?” என்று கேட்டுக்கொள்வோம். கந்தோரும் பஸ்ஸும் புது நேரத்தில் ஓடின. டவுன் விகாரை மட்டும் பழைய நேரத்திலேயே இருந்தது. ஹாமுதுருமார், அதாவது பிக்குகள், உச்சிப் பொழுதுக்கு முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு உணவு கிடையாது. சூரியனுக்கு யாரும் அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் அனுப்பவில்லையே!

இதையெல்லாம் நான் அறிந்திருந்தேன் என்பதுதான் வினையாகிவிட்டது.

தானத்தன்று காலை பத்தரைக்கே சைவக் கடையில் எல்லாம் தயார். சமையல்கார மாணிக்கம் அண்ணன் வாளிகளை மூடி வைத்துவிட்டு, “எடுத்துக்கிட்டுக் கெளம்புடா” என்றார்.

“அவசரப்படாதீங்கண்ணே. ஹாமுதுருமாருக்குப் பழைய நேரம். அவங்களுக்குப் பதினொன்றரைன்னா நமக்குப் பன்னிரண்டரை. இப்பவே கொண்டுபோனா ஆறிப்போகாதா?”

“நோனா பழைய நேரம்னு சொன்னாங்களா?”

“அதெல்லாம் கேக்கக் கூடாதுண்ணே. நாமதான் புரிஞ்சுக்கணும்.”

மாணிக்கம் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த ‘நாமதான் புரிஞ்சுக்கணும்’ இன்றும் சில சமயம் குளிக்கும்போது ஞாபகம் வரும். தலையில் இன்னும் இரண்டு வாளி ஊற்றிக்கொள்வேன்.

பேங்க் சாப்பாட்டைக் கொடுத்தேன். மர டிப்போவில் கொடுத்தேன். அங்கே பால் விடாத ஒரு பிளேன்ரீயும் குடித்தேன். பிறகு நோனாவின் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு விசிலடித்தபடி மேலே ஏறினேன். போய்ச் சேரும்போது புது நேரம் பன்னிரண்டு பத்து. என் கணக்கில் இருபது நிமிடம் முந்திவிட்டேன்.

வாசலில் ஐந்து பிக்குகள் குடையை விரித்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் வந்து சேராமல் இப்போதுதான் வருகிறார்கள் போல என்று நினைத்தேன். (முதுகு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.) கேட்டருகே வெள்ளைச் சேலையில் நின்ற நோனாவைப் பார்த்து உரக்கச் சொன்னேன்:

“இன்னும் இருபது நிமிசம் இருக்கு நோனா!”

அந்த இடத்தில் சிரித்தபடி நின்றவன் நான் ஒருவன்தான்.

மூத்த பிக்கு விஷயத்தைப் புரிந்துகொண்டார் போலும். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: “நாங்க டவுன் விகாரை இல்ல, தம்பி. எங்க விகாரையில ரேடியோ சொல்ற புது நேரம்தான். பன்னிரண்டுக்கு முந்தி முடிச்சா தப்பில்ல. பிந்தினாத்தான் தப்பு.” பிறகு என் பெட்டியைப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதவராக இருக்கட்டும் என்று இன்றுவரை வேண்டிக்கொள்கிறேன்.

கூட்டிப் பெருக்க வந்த சரசு அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையெல்லாம் மாவு. என்னைச் சுவரோரம் இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

“பதினொன்றரை வரைக்கும் நோனா கேட்டைவிட்டு நகரலடா. ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. பதினொரு மணிக்கே நான் லயத்துக்கு ஓடி, காலையில சுட்ட ரொட்டிய நாலு வீட்டுல வாங்கி, பத்தாம இங்கயே இன்னும் சுட்டு... பருப்பும் பலாக்காயும் மொளகா இடிச்ச கட்டச் சம்பலும்தான்டா! ஹாமுதுருமாருக்கு! நோனா அலுமாரியிலருந்து நல்ல பீங்கான எடுத்து அதுல அந்த ரொட்டிய வச்சாங்க. நான் எங்க போய் மொகத்த வச்சுக்க?”

நான் வாளிகளோடு நின்றேன். ஈயத்தாள் தன் வேலையைச் செய்திருந்தது. சோற்றிலிருந்து இன்னும் ஆவி வந்தது.

நோனா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையிலிருந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் கேட்டார்:

“நீ பொறந்த அன்னிக்கு நான் பிந்தி வந்தேனா, புத்தா?”

பிறகு என்னை உட்கார வைத்து, வந்திருந்தவர்களோடு எனக்கும் இலை போட்டு, நான் கொண்டுவந்த சோற்றையே பரிமாறினார். ஐந்து வகைக் கறி. என் வாழ்நாளில் அதைவிட விக்கித் தின்ற சோறு கிடையாது. உப்பளத்தில் வெறும் பேக்கரிப் பாண் துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றபோதுகூட அது தொண்டையில் இறங்கியது.

அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரத்தினக்கல் குழியில் வேலை இருக்கிறது என்று நிவித்திகலப் பக்கம் போய்விட்டேன். ஓடினேன் என்று சொல்வதுதான் சரி. பெட்டி அக்காவின் வீட்டுப் பின்பக்கம் கோழிக்கூடாயிற்று. அந்தக் கோழிகள் என்னைவிட நேரத்துக்கு நடக்கின்றன என்று அக்கா புருஷன் வருகிறவர்களுக்கெல்லாம் எழுத்தைக் காட்டிச் சொல்வார்.

பத்து வருடம் கழித்து அரசாங்கம் கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. அன்று நோனா அக்காவிடம் சொல்லி அனுப்பினார்: “நாடே உன் தம்பி நேரத்துக்கு வந்துருச்சு. இனி பயப்படாம வரச் சொல்லு.”

போனேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த முதல் தானத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மூத்த பிக்கு லயத்து ரொட்டியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம். சோறு, கறி எது இருந்தாலும், நல்ல பீங்கானில் ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தே ஆகவேண்டும். நான் இல்லாமலேயே அது வழக்கமாகிவிட்டது.

இப்போது நானும் வருடந்தோறும் போகிறேன். ரொட்டியை மட்டும் என்னிடம் கொடுக்க மாட்டார்கள். அதை அக்காதான் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். வெறும் தட்டைத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. அதற்கு யாரும் நேரம் குறிக்கவில்லை.