ஊட்டிக்குப் போகும் வழியில் மூன்று துக்க வீடுகள்

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

வாரம் தவறாமல் எங்கள் பட்டறைக்கு வந்து சேரும் தங்கள் இதழின் ஆசிரியர் அவர்களுக்கு, லாரிக்குப் பாடி கட்டும் வெங்கடாசலம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே மழைதான் இல்லை, மற்றபடி எல்லோரும் சுகம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க எங்களூர் ஆஞ்சநேயர் அருளட்டும். தங்கள் சினிமா விமர்சகரும் நலமாக இருக்கட்டும். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது, எனக்கு என்மேல்தான் வெட்கம்.

அப்பாவும் மகளும் கோடை விடுமுறைக்கு மலைக்குப் போகும் அந்தச் சிரிப்புப் படத்துக்கு, சென்ற இதழில் அவர் ஐந்துக்கு ஒன்றரை போட்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. "மகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் வழியில் துக்கம் விசாரிக்கக் காரை நிறுத்தும் அப்பா எந்த ஊரில் இருக்கிறார்? செயற்கையின் உச்சம்" என்று எழுதியிருந்தார். ஐயா, நாமக்கல்லில் இருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதுவதே அவர்தான். அந்தப் படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்த அபிநயா என் ஒரே மகள். நான் நடந்த உண்மையை மறைத்து, அதனால் அவள் முதல் படம் பொய் என்று பெயர் வாங்குவதா? அதனால்தான் மானத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மகள் பெயர் திரையில் வருகிறதென்று, சொந்தபந்தம் இருபத்திரண்டு பேரை வேன் வைத்துக் கூட்டிப்போனேன். பேர் வந்தபோது விசிலடித்தோம். அதற்குப் பிறகு அந்த அப்பா வந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட மகளைத் துக்க வீட்டுப் பாயில் உட்கார வைத்தார். தியேட்டரே உருண்டு சிரித்தது, எங்கள் ஆட்கள் இருபத்திரண்டு பேர் மட்டும் திரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மைத்துனன் தமிழரசு குனிந்து, "மச்சான், உங்களைக் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்களா?" என்றான். இடைவேளையில் வாங்கிய பப்ஸை நான் அப்படியே கையில் வைத்திருந்தேன். வெளியே வந்தால் வாசலில் மைக்கோடு ஒரு யூடியூப் பெண். "படம் எப்படிங்க?" என்று கேட்டது. என் மனைவி சௌந்திரம் முந்திக்கொண்டு, "படமாங்க அது? எங்க ஊட்டுக்காரரைப் புடிச்சு அப்படியே போட்டு வெச்சிருக்காங்க. வேணும்னா இவரையே பாத்துக்கங்க" என்று என் தோளைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பிவிட்டாள். அதை மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். இப்போது பட்டறைக்கு வரும் லாரிக்காரர்கள் எல்லாம், "அடுத்த டூர் எப்பங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைச் சொல்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அபிநயா பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் ஊட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், எடுத்துவிட்டாள். கிளம்புகிற அன்றுதான் ஞாபகம் வந்தது, ஈரோட்டில் ஒன்று, பெருந்துறையில் ஒன்று, அவிநாசியில் ஒன்று என்று போகாத துக்கம் மூன்று பாக்கி இருந்தது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், துக்கத்துக்குப் போகாவிட்டால் தலைமுறைக்கும் பேசுவார்கள். போகிற வழிதானே என்று மூன்றிலும் நிறுத்தினேன். ஈரோட்டில், நல்ல பழக்கம் சொல்லி வளர்த்த பிள்ளை, புருஷனை இழந்த அம்மாளிடம் கைகூப்பி, "போயிட்டு வாரேனுங்க" என்றது. துக்க வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று நான் எங்கே சொல்லிக் கொடுத்தேன்? அவிநாசியில் அழுதுகொண்டிருந்தவர்கள், அபிநயா ஊட்டிக்கென்று போட்டிருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு, பிள்ளை எந்த நாட்டில் படிக்கிறது என்று விசாரித்தார்கள். மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தினோம். மலை தெரிந்தது. அபிநயா அப்போதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். அங்கேதான் போன் வந்தது, சங்ககிரியில் எங்கள் பங்காளி ஒருவர் காலமாகிவிட்டார். "மேல போயி ஒரு டீ மட்டும் குடிச்சிட்டுத் திரும்பலாமுங்களாப்பா?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "மலை அங்கயேதான் இருக்கும் சாமி, பொணம் இருக்காது."

வண்டியைத் திருப்பிவிட்டேன். சங்ககிரி வெயிலில், சாவு வீட்டுப் பந்தலில், ஸ்வெட்டரைக் கழற்றாமலே நின்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. மறுபடி கூட்டிப்போவதாகத்தான் இருந்தேன், வருஷம் போய்விட்டது. படத்திலாவது அந்த அப்பா கடைசியில் மலை உச்சி வரை போய்விடுகிறார், ஜனங்கள் கைதட்டுகிறார்கள். நான் அடிவாரத்தோடு திரும்பியவன். அதாவது, படம் மிகையில்லை ஐயா, குறைத்துத்தான் காட்டியிருக்கிறார்கள். என் மகள் என் மானத்தில் பாதியைக் காப்பாற்றிவிட்டுத்தான் மீதியைச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே இக்கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் என் பெயரோடும் ஊரோடும் வெளியிட்டு, அந்த ஒன்றரையைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகை இன்னும் பல்லாண்டு நடக்கட்டும். தங்கள் விமர்சகருக்கு மகள் இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
வெங்கடாசலம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன், சந்தோஷப்படுவாள் என்று அபிநயாவுக்குப் போன் போட்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "அப்பா, அது நம்ம கதையே இல்லீங்க. டைரக்டரோட அப்பா காங்கேயத்துக்காரரு, அவரு பண்ணுனதுங்க. கதை பேசறப்ப எல்லாரும் அவங்கவங்க அப்பாவைப் பத்திச் சொன்னாங்க. நானும் சொன்னேன். எங்கப்பா என்னைய ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனாரு, ஒரு வாரம் இருந்தோம், ஏரியில போட்டுல போனோம், நல்ல குளிருன்னு சொன்னேனுங்க."

ஆகவே ஐயா, தயவுசெய்து இதை வெளியிட வேண்டாம். ஒன்றரையே இருக்கட்டும். இடம் நிரப்ப வெளியிட்டே ஆகவேண்டும் என்றால், முழுதும் திருப்பி எழுத எனக்குக் கை ஓடவில்லை, மேட்டுப்பாளையத்துக்குப் பிறகு உள்ளதைத் தாங்களே அடித்துவிட்டு, மேலே போய்ச் சேர்ந்தோம் என்றும், ஒரு வாரம் இருந்தோம் என்றும், நல்ல குளிர் என்றும் போட்டுக்கொள்ளவும்.