தாயத்து மேடம் கேட்ட பேச்சு

பேசிப் பெரிய ஆளானவர்களை நாடே அறியும். அடுத்தவர் பேசுவதைக் கேட்டே டாக்டர் ஆனவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் தாயத்து மேடம்.

திருமயம் போகிற ரோட்டில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி என் டீக்கடை. ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்த ஒரு பெண், புதுக்கோட்டையில் கல்லூரி ஆராய்ச்சி மாணவி என்றார். ஜனங்கள் யாரோடு, எவ்வளவு நேரம், எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று மெஷின் வைத்து ஆராய வேண்டுமாம். தீப்பெட்டி அளவில் இருபது கறுப்புப் பெட்டிகள். கழுத்தில் கட்டிக்கொண்டால் பேச்சைப் பிடிக்கும். பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளும். சாயங்காலம் லேப்டாப்பில் செருகினால் யார் யாரோடு பேசினார் என்று சிலந்தி வலை மாதிரி கோடு ஓடும். நான் எட்டாவதோடு நின்றவன். இது போலீஸ் ஸ்டேஷனில் போய் முடியுமோ என்ற பயத்தில் அன்று எல்லோருக்கும் சர்க்கரையை இரண்டு தடவை போட்டேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் மேடம் ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, உட்கார்ந்ததும் கட்டிவிட்டார். முதல் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தவர்கள் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசினார்கள். அடுத்த வாரம், பெட்டியில் பேசினால் நேரே கலெக்டருக்குப் போகும் என்று யாரோ கிளப்பிவிட, அத்தனை பேரும் மனுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் டீக்கு வரும், யாருக்கும் வணங்காத செல்லையா அண்ணன்கூட நெஞ்சில் தொங்கிய பெட்டியைப் பார்த்துக் குனிந்து, “ஐயா, பென்சனுக்கு என் பேரையும் சேத்துக்கங்க” என்றார். மேடமும் விடாமல் அத்தனையையும் தாளில் எழுதி கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னொரு வாடிக்கைக்காரர் மாடசாமிக்கோ பெட்டியைக் கட்டிய நாளிலிருந்து முதுகுவலி இல்லையாம். திருப்பித் தர மாட்டேன் என்றார். மேடம் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு, “கயித்த வச்சுக்கங்க. பவர் அதுலதான் இருக்கு” என்றார். தாயத்து மேடம் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

ஆனால் ஒரு நாள் மேடம் டீ ஆடை கட்டும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பதிவானதை எல்லாம் கேட்ட அவருடைய கைடு பேராசிரியர், இது மனுக் கட்டு, ஆராய்ச்சி இல்லை, ஒரு மாதத்தில் உருப்படியாக ஏதாவது வராவிட்டால் பட்டத்தை மறந்துவிடு என்று சொல்லிவிட்டாராம். நான்கு வருட உழைப்பு.

படித்தவரிடம் நான் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் கேட்டேன்: “பெட்டிய எப்ப அமத்துறீங்க?”

“அவங்க ‘வாரேன்’னு எந்திரிச்சதும் கழட்டிருவேன்ண்ணே. அதுதான மரியாத.”

“அங்கதாம்மா கெட்டுச்சு. எங்க ஆளுக வாரேன்னு சொல்ற வரைக்கும் மழையப் பத்தித்தான் பேசுவாங்க. ஒரு கால் செருப்புல, ஒரு கால் படியில, அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டுத்தான் விசயத்த எடுப்பாங்க.”

மேடம் என்னைப் பார்த்த பார்வையில், தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பதறினேன். மறுநாளே மறுபடி கையெழுத்து வாங்கினார், பஸ் ஏறும்வரை பெட்டி கழுத்தில் இருக்கட்டும் என்று. செல்லையா அண்ணன் வாரேன் என்று எழுந்தார். இரண்டு பஸ்ஸை விட்டார். அதற்குள் ஒரு சம்பந்தம் பேசி, ஒரு வாய்க்கால் சண்டையைத் தீர்த்து, மாடசாமியின் மருமகனைத் திட்டியும் முடித்தார். சாயங்காலம் லேப்டாப்பில் மெல்லிய கோடெல்லாம் வடக்கயிறாகத் தடித்து நின்றன. மேடம் குதித்த குதியில் பால் பாத்திரம் கவிழ்ந்தது.

பேராசிரியரும் ஒப்புக்கொண்டு, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு வந்தபோது கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் ஐந்து பேர் புதுக்கோட்டைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். தேர்வு நடத்த வந்து இங்கிலீஷில் என்னென்னவோ கேட்ட பெரியவர், எழுந்த பிறகுதான் பேச்சு தொடங்கும் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் தமிழில் கேட்டார். மேடம் என்னைக் கை காட்டினார். சபை முழுதும் திரும்பியது.

“என்ன படிச்சிருக்கீங்க?” என்றார் பெரியவர்.

மேடம் முந்திக்கொண்டார். “முப்பது வருசமா இதைத்தான் சார் படிக்கிறாரு. எனக்கு இன்னொரு கைடு அவருதான்.”

பெரியவர் எனக்கு எழுந்து நின்று கை கொடுத்தார். செல்லையா அண்ணன் விசில் அடித்தார்.

அன்றைக்கே மேடம் டாக்டர் ஆகிவிட்டார். இப்போது மும்பையில் வேலை. டிவியில் அந்த ஊர் மழை என்றால் நான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துவிடுகிறேன். குடை எடுத்துப் போகத் தெரியாத பிள்ளை அது.