சடையப்பன் வண்டியின் மூன்றாம் கியர்

ஒரு காட்டில் சடையப்பன் என்ற கரடி வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்துவந்தான். அது ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். சடையப்பனின் பாதம் அப்படி; மூன்று பெடல் இருந்தால் இரண்டைச் சேர்த்து மிதித்துவிடுவான்.

ஆற்றங்கரையில் ஆள் ஏற்றி மலை உச்சியில் இறக்குவது அவன் வேலை. ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் மேலேதான். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. பாதைக்கும் இல்லை. முன் சீட்டில் உட்காருகிறவர்தான் சரியில்லை.

அவர் காட்டுத் தலைவர், புலி மார்த்தாண்டர். தினமும் காலையில் வந்து முன் சீட்டில் சாய்ந்துகொள்வார். ஒருவரையும் கடிந்து பேச மாட்டார். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, பின் சீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நிதானமாகப் பார்ப்பார். "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். அவ்வளவுதான். சௌக்கியமாக இருந்தவர்கள் எல்லாம் இறங்கி நடந்துவிடுவார்கள்.

முயல் வடிவும் அப்படித்தான் இறங்கினாள். அவளுடைய மாமியாருக்குப் பின்னங்கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டு மாற்ற அடிக்கடி மேலே போயாக வேண்டும். மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு வடிவு மலையேறுவதை ஓட்டிக்கொண்டே பார்த்தான் சடையப்பன். அன்று அவனுக்குத் தேன்கூட இனிக்கவில்லை. ஆனால் புலியிடம் போய் "வராதீங்க" என்று யார் சொல்வது?

இப்படி இருக்கையில் ஒருநாள் வண்டி முரண்டு பிடித்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டிய இடத்தில் போகவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி தடாரென்று மாறியது. மார்த்தாண்டரின் மூக்கு டேஷ்போர்டில் இடித்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இடித்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது புலியின் மஞ்சளில் லேசாகப் பச்சை கலந்திருந்தது.

"என்னப்பா இது?"

"கியர் மாற மாட்டேங்குதுங்க ஐயா."

"சரி பண்ணு. அதுவரைக்கும் நான் நடந்துக்கறேன்."

மறுநாள் முன் சீட் காலி. பின் சீட்டில் இடமில்லை. வடிவும் மாமியாரும் ஓரமாக ஒண்டிக்கொண்டார்கள்.

"வண்டி குலுங்கும், பரவாயில்லையா அம்மா?" என்றான் சடையப்பன்.

"குலுங்கட்டும் தம்பி," என்றாள் மாமியார். "ஒடிஞ்ச காலை டாக்டர் ஒட்ட வெச்சுடுவார். புலி தின்ன காலை ஒட்ட வைப்பாரா?"

சடையப்பனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஆனால் உச்சிக்கு முந்தைய வளைவில் கியர் அடியோடு விட்டுவிட்டது. எஞ்சின் இரைந்துகொண்டே இருக்க, வண்டி மெதுவாகப் பின்னோக்கி உருண்டது. சடையப்பன் இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தி நிறுத்தினான். பின்னால் பார்த்தால் பள்ளம்.

அன்றே மந்தி தில்லையின் பட்டறைக்குப் போனான். தில்லை எஞ்சினை ஓடவிட்டு, கியர் ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து முகர்ந்தாள்.

"கருகின வாடை வருதே அண்ணே. செவப்பா இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாக்ஷன் மாதிரி இருக்கு. கடைசியா எப்ப மாத்தினே?"

"அதை மாத்தணுமா?"

தில்லை அவனைப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகி, திரையைப் படித்தாள்.

"மூணாம் கியருக்கு ஆயிலைத் திறந்துவிட ஒரு வால்வு இருக்கு. கரன்ட்ல வேலை செய்யறது. அது சிக்கிக்குது. பயப்படாதே, கியர்பாக்ஸ் இன்னும் உசிரோடதான் இருக்கு."

அடித்தட்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த காந்தத்தில் இரும்புத் தூள் மை மாதிரி அப்பியிருந்தது. ஃபில்டர் அடைத்திருந்தது. எல்லாவற்றையும் கழுவி, புது வால்வு, புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் ஊற்றி ஓட்டிக் காட்டினாள். கியர் மாறியதே தெரியவில்லை. சடையப்பன் ஆற்றங்கரை வரைக்கும் பாடிக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை வடிவையும் மாமியாரையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது ஆற்றங்கரையில் மார்த்தாண்டர் நின்றிருந்தார்.

"சத்தமே இல்லாம வருதே. சரியாயிடுச்சு போல," என்று ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பினார். "எல்லாரும் சௌக்கியமா?"

வடிவு கதவைத் திறந்து இறங்கி, மாமியாருக்காக குனிந்து முதுகைக் காட்டினாள்.

சாயங்காலம் சடையப்பன் மறுபடி பட்டறையில் நின்றான். "தங்கச்சி, அந்தப் பழைய வால்வையே மாட்டிடு."

தில்லைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பார்த்த வேலையில என்ன குறை?"

"குறையே இல்லை. அதுதான் குறை," என்று நடந்ததையெல்லாம் சொன்னான்.

தில்லை ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். "பழசைப் போட்டா வண்டி மறுபடி பள்ளத்தைப் பார்த்து உருளும். அது வேண்டாம். ஒரு சுவிட்ச் வைக்கறேன். அமுக்கினா அந்த வால்வுக்குக் கரன்ட் போகாது, விட்டா தடார்னு கியர் மாறும். சமதரையில மட்டும் அமுக்கு, மேட்டுல தொடாதே. எவ்வளவு குலுங்கணும்?"

சடையப்பன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்: "மூக்கு இடிக்கற அளவுக்கு."

மறுநாள் புலி வருவதற்கு முன்பே பின் சீட்டுக்காரர்களிடம், "இன்னைக்கு இறங்காதீங்க. நான் கனைச்சா கம்பியைப் பிடிச்சுக்குங்க," என்று சொல்லிவைத்தான். மார்த்தாண்டர் வந்தார், சௌக்கியம் விசாரித்தார். ஒருவரும் இறங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆற்றோரச் சமதரையில் சடையப்பன் கனைத்தான். பின்னால் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். தடார். கொஞ்ச தூரத்தில் மறுபடி கனைத்தான்.

"சரி பண்ணலையா நீ?" என்றார் புலி, மூக்கைத் தடவிக்கொண்டு.

"பண்ணிட்டேனுங்க ஐயா. முன்பக்கம் எடை ஏறினா மட்டும் குலுக்கல் வருதாம்."

மார்த்தாண்டர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "இங்கேயே நிறுத்து," என்றார். அன்றிலிருந்து நடக்கிறார். யாராவது கேட்டால், உடம்புக்கு நல்லது என்று தானாகவே முடிவெடுத்ததாகச் சொல்கிறார். வண்டி சத்தமில்லாமல் அவரைத் தாண்டிப் போகும்போது, வடிவின் மாமியார் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

சுவிட்ச் விஷயத்தை வடிவு தன் அக்காவிடம் மட்டும்தான் சொன்னாள். புலியைத் தவிரக் காடு முழுக்க அது தெரிந்துபோயிற்று. தில்லையின் பட்டறை வாசலில் இப்போது பெரிய வரிசை. மச்சான் ரிமோட்டை எடுத்தால் டி.வி. அணைந்துபோக வேண்டும் என்று முள்ளம்பன்றி நிற்கிறது. விருந்தாளி வந்தால் மட்டும் மிக்ஸி நின்றுவிட வேண்டும் என்று மயில் நிற்கிறது. நிஜமாகவே ரிப்பேருக்கு வந்தவர்கள் நாளைக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

நீதி: வண்டியில் கோளாறு என்றால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். பயணியில் கோளாறு என்றாலும் மெக்கானிக்கிடமே போகலாம்.