முதல் கதைக்கு வந்த ஒப்பாரி

கதை எழுதுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு இப்போதும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எதையாவது சொல்லி அனுப்புகிறேன். (சொல்றவளுக்கு வெட்கமில்லை. கேக்கறவங்க தலையெழுத்து.) ஒரு எழுத்தாளர் சொல்லும் யோசனையால் பெரிய ஆபத்து ஒன்றும் வந்துவிடாது. இரண்டு எழுத்தாளர்கள் சொல்வதை ஒரே நாளில் கேட்டு, இரண்டையும் ஒரே கதையில் செய்து பார்த்தால்தான் குடி முழுகிப் போகும். என் குடி அப்படித்தான் முழுகியது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் நானும் அவரும் குடியிருந்தோம். அவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பழக்கம் அது, நாக்கு எழும்பாது. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டு வந்தவரிடம்கூடப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுத்தான் சொல்லச் சொன்னேன். அவர் தாலுகா ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா. யாரோ ஒருவருடைய நிலத்தின் பட்டாக்களைப் பார்த்துப் பார்த்து நாள் முழுக்க அழகாக நகல் எழுதுவார்.

நான் கதை எழுதுவேன். என் கையெழுத்து, எறும்பு மைக்கூட்டில் விழுந்து எழுந்து நடந்தது போல இருக்கும். பத்திரிகைக்காரர்கள் காகிதத்தின் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும், தெளிவாக எழுத வேண்டும் என்பார்களே, அதற்காக அவர்தான் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, என் கதையையும் நகல் எடுப்பார். "எழுத்தாளரம்மா, இன்னிக்கு எத்தினி பக்கம்?" என்று கேட்டுக்கொண்டேதான் பேனாவைத் திறப்பார். அத்தனை அழகாக எழுதி அனுப்பியும் எல்லாம் திரும்பி வந்தன. தபால்காரர் வாசலில் நின்று, "இன்னாம்மா, மெட்ராசுக்குப் போன உங்க புள்ள ஊட்டுக்கு வந்துட்டான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அந்த மனிதரை நான் சபிக்காத நாளில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு மெட்ராசிலிருந்து இரண்டு நாவலாசிரியர்கள் வந்தார்கள். எழுதுவது எப்படி, எழுதியதைப் பிரசுரத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று பேசப் போகிறார்களாம். என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவர் அரை நாள் லீவு போட்டு அழைத்துப் போனார். நாலு மணிக்கு வரவேண்டியவர்கள் ஆறு மணிக்கு வந்தார்கள். (காஞ்சிபுரத்துக்கு எந்த இலக்கியத்துக்காக வந்தாலும் முதல்ல புடவைக் கடைதான்.) ஒருவர் ஒட்டடைக் கம்பு உயரம். பேசி முடிக்கும் வரைக்கும் புடவைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டே பேசினார். இன்னொருவர் மூக்குக் கண்ணாடி போட்ட அம்மையார்.

உயரமானவர், கதைக்குக் கண்ணீர்தான் உயிர் என்றார். அம்மையார் எழுந்து, கண்ணீரெல்லாம் தானாக வரும், மனுஷர்கள்தான் வரமாட்டார்கள் என்றார். "முதல்ல எழுதறப்போ நிஜப் பேரையே போட்டு எழுதுங்கோ. பேர் வந்தா ஆள் வந்துடுவான். அனுப்பறப்போ பேரை மாத்திக்கலாம். அனுப்பறதுக்கு முன்னாடி ஒருதரம் முழுசாப் படிச்சுடுங்கோ" என்றார். கடைசியாகச் சொன்னது பாருங்கள், அதுதான் அன்றைக்கு அந்த மேடையில் பேசப்பட்ட ஒரே உருப்படியான விஷயம். நான் அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்து நின்றேன்.

"எழுதி அனுப்புறதெல்லாம் திரும்பி வருதுங்க. இன்னா பண்றது?"

உயரமானவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கதைல யாராவது சாகறாங்களாம்மா?"

"யாரும் சாகலீங்க."

"அதான் திரும்பி வருது" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாளே ஆரம்பித்தேன். யாரைச் சாகடிப்பது? அப்பாவைக் கொல்ல மனசு வரவில்லை. மாமியார் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பெண்ணுடைய புருஷனைச் சாகடித்தேன். 'நான்' என்று அவளே சொல்கிற மாதிரி எழுதினேன். அவன் துண்டை மடிக்கிற விதம், சட்டைப்பையில் மை ஒழுகிய கறை, சாப்பிட்டுவிட்டு ஒரு தரம் தண்ணீர்ச் செம்பைக் கையால் தட்டுவது என்று எல்லாவற்றையும் எங்கள் வீட்டிலிருந்தே எடுத்தேன். தெரு நிஜம், ஊர் நிஜம், அவருடைய ஐயம்பேட்டை அத்தைகூட நிஜம். மாவாட்டிக்கொண்டே அழுதேன். மறுநாள் இட்லியில் உப்பு போதும் போதும் என்று இருந்தது.

ஆனால் அவர் பெயரை மட்டும் எழுத முடியவில்லை. வாயால் சொல்லாததைக் கை எழுதுமா? பெயர் வருகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டு வைத்தேன். நகல் எடுப்பவரிடம் கொடுத்து, "கோடு இருக்கிற எடத்துல ஏதாவது ஒரு பேரைப் போட்டுக்குங்க" என்று சொன்னேன். அவர் அன்று இரவு நகல் எடுத்து முடித்துவிட்டு ஒன்றுமே பேசாமல் படுத்துக்கொண்டார். கதை அவ்வளவு மோசமா என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மறுநாள் உறையை ஒட்டி அவரே தபாலில் போட்டார். நான் திருப்பிப் படிக்கவில்லை.

அதற்கப்புறம் மாதங்கள் ஓடிவிட்டன. கதை திரும்பி வரவுமில்லை, பதிலுமில்லை. நான் மறந்தே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் இரண்டு மாட்டு வண்டி வந்து நின்ற சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெரிய ஒப்பாரியும் கேட்டது. யார் வீட்டு எழவோ என்று எட்டிப் பார்ப்பதற்குள் பெண்கள் எல்லாரும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். முன்னால் ஐயம்பேட்டை அத்தை. என் வீட்டுக்காரருடைய அப்பாவின் கூடப் பிறந்தவர். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்ததே அத்தைதான். ஒப்பாரி வைப்பதில் சுற்றுவட்டாரத்தில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது.

"நான் தூக்கி வளத்த தொரையே, தாலுகா ஆபீசு நாற்காலி உன்னைத் தேடுதே..." என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அத்தை அழ, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபீசர் யாராவது போய்விட்டாரா? ஐயம்பேட்டையில் ஒரு மாமா ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தார், அவராகத்தான் இருக்கும் என்று நினைத்து நானும் ஒரு மூச்சு அழுதேன். நன்றாகவே அழுதேன். அழுது முடித்து நிமிர்ந்து பார்த்தால், அதே மாமா மாலையும் கையுமாக எங்கள் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார்!

"யாருத்தை? யாரு போயிட்டாங்க?" என்று கத்தினேன். அந்தக் கூச்சலில் யார் காதில் விழப் போகிறது?

இதற்குள் அவர் முடி வெட்டிக்கொண்டு, குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் பின்சந்து வழியாகக் கிணற்றடிக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே ஒப்பாரி கேட்டதும் நான்தான் போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார். ஈரத்துணியோடு, "ஐயோ, காலையில நல்லாத்தானே இருந்தா!" என்று அலறிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார்.

குளிப்பாட்டிய பிணம் எழுந்து வந்து நிற்பது போல நின்றார். ஒப்பாரி அப்படியே நின்றது. மாமா மாலையைக் கீழே போட்டார். அத்தை எழுந்து போய், அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்து, நம்பிக்கை வராமல் பளார் என்று ஒரு அறை விட்டார்.

"வலிக்குது அத்தை" என்றார் அவர்.

அத்தை அப்படியே உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து என் மேல் விட்டெறிந்தார். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கம். அத்தையின் எதிர்வீட்டுப் பெண் படித்துச் சொல்லியிருக்கிறாள். சின்ன காஞ்சிபுரத்துத் தெரு, தாலுகா ஆபீசு, ஐயம்பேட்டை அத்தை, அவர் பெயர், அவர் மூச்சு நின்றது என்று எல்லாம் அச்சில் இருக்கிறது. கடைசியில் என் பெயரும் ஊரும். பொண்டாட்டியே பேப்பரில் போட்டிருக்கிறாள் என்றால் வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? மேலே 'சிறுகதை' என்று போட்டிருந்ததை அந்தப் பெண் படித்துக் காட்டவில்லை.

கண்ணீரில் ஊறி, மை பரவிப் போயிருந்த அந்தக் காகிதத்தில் என் பெயரை நான் முதல்முதலாக அச்சில் பார்த்தேன். என் கதை வந்துவிட்டது! கூடம் நிறையத் தலைவிரி கோலமாகப் பெண்கள் உட்கார்ந்திருக்க, நான், பாவி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டேன்.

"புருஷனச் சாவடிச்சுட்டு சிரிக்கிறாடி!" என்று அத்தை பாய்ந்தார். "பேரச் சொல்லக்கூடாத புருஷன் பேர ஊரு சிரிக்கப் பேப்பர்ல போட்டு, அவனச் சாவடிச்சு வச்சிக்கிற. உன் கைல கொள்ளி வைக்க! கொண்டாங்கடி கற்பூரத்த. இனிமே பேனா தொடமாட்டேன்னு அணைச்சு சத்தியம் பண்ணு. பண்ணலன்னா இவன நான் கையோட இட்டுக்கினு போயிடுவேன்."

அப்போதுதான் என் சிரிப்பு போனது. நான் கோடுதான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. தட்டில் கற்பூரம் எரிந்தது. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். எழுதாமல் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இல்லாமல் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. கையை நீட்டினேன்.

"அத்தை, பேரு போட்டது நான்" என்றார் அவர்.

"நீயாடா?"

"அவ கோடுதான் போட்டிருந்தா. நகல் எடுத்தது நான்."

"ஏண்டா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? உன் சாவ நீயே எழுதுவியா?"

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேற எவன் பேரைப் போடறது? கோபால்னு போட்டுப் பார்த்தேன். எவனோ ஒரு கோபாலுக்கு இவ அந்த அழுகை அழறா. படிச்சா எனக்குத் தாங்கல அத்தை. அது எனக்குச் சேரவேண்டிய அழுகை. நெசமாச் செத்தா நான் எங்கேர்ந்து கேக்கறது? அதான் இப்பவே கேட்டுக்கினேன்."

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த மனுஷர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னதும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போவட்டும். பொய்ச் சாவு வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. நூறு வருசம் இருப்பே. எல்லாரும் போயி தலைக்கு ஊத்திக்கினு வாங்கடி" என்றார். எழவுக்கு வந்த அத்தனை பேருக்கும் அன்று பாயசத்தோடு சமைத்துப் போட்டேன். கல் பொறுக்கி முடிக்காத அரிசியில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது கெட்டாலும் ஒரே கேள்விதான். குழம்பில் உப்பில்லையா, கல்யாணப் பத்திரிகையில் தேதி தப்பா, பஸ் தவறிவிட்டதா, "யாரு நகல் எடுத்தது?" அவரே முதல் ஆளாகக் கேட்டுச் சிரிப்பார்.

அந்த உயரமான நாவலாசிரியரைப் பிற்பாடு ஒரு பதிப்பகத்தில் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். "நான் அப்படியா சொன்னேன்? இருக்காதே" என்றார்.

ஆயுசு கெட்டி என்று அத்தை சொன்னது பலிக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில், நாற்பத்திரண்டு வயதில், ஆபீசில் எழுதிக்கொண்டிருந்தபடியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். கதையில் அழுத மாதிரி எனக்கு அழ வரவில்லை. கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சேரவேண்டியதை அவர் முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வருகிறது.

ஐயம்பேட்டை அத்தைக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அத்தை ஆரம்பித்தால்தானே மற்றவர்கள் அழ முடியும்? எல்லாரும் காத்திருந்தார்கள். அத்தை அழவில்லை. தடவித் தடவி என் கையைப் பிடித்து, காதோடு கேட்டார்.

"ஏம்மா, இதுவும் அவன் நகல் எடுத்ததுதானே? சொல்லும்மா. அவன் கெணத்தடிலதானே இருக்கான்?"

ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! "இல்ல அத்தை" என்றேன். அதற்கப்புறம்தான் எனக்கும் அழுகை வந்தது.

என் மகன் அப்போது சின்னப் பிள்ளை. அவனுக்கு அப்பாவின் முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவனிடம் இருக்கிறது. கல்யாணமாகி வந்த மருமகளிடமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. போன வாரம் ரசத்தில் புளி தூக்கலாகிவிட்டது. "யாரு நகல் எடுத்தது அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்க மாமனார்தாம்மா" என்றேன்.