நொடியளப்பவர்

நொடியளப்பவர் என்று ஓர் இனம் நம் நடுவே வாழ்ந்துவருகிறது. பார்த்தால் தெரியாது. நம்மைப் போலவே சட்டை போட்டிருப்பார். நம்மைப் போலவே மீன்குழம்பில் புளி கூடினால் முகம் சுளிப்பார். ஆனால் குழம்பு எப்படி என்று கேளுங்கள், 'நேற்றைவிட நாலு நிமிடம் முந்தி இறக்கியாச்சு' என்பார். வடசேரியில் பேருந்து கிளம்பும்போது மணி பார்ப்பார், மார்த்தாண்டத்தில் இறங்கும்போது மணி பார்ப்பார், எதற்காக மார்த்தாண்டம் வந்தோம் என்பதை மறந்துவிட்டு, போன தடவையைவிடச் சீக்கிரம் வந்துவிட்ட திருப்தியோடு டீ குடிப்பார். மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்தார்? அடுத்ததை அளந்தார்.

இந்த இனத்தானுக்குக் கணினியும் தெரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒருவர்தான் குமாரதாஸ்.

ஷார்ஜாவில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இரண்டாயிரத்துப் பதினொன்றில் நாகர்கோவிலுக்குத் திரும்பிய குமாரதாஸ், சும்மா இருக்க முடியாமல் வெட்டூர்ணிமடத்தில் ஒரு ரத்ததானச் சங்கத்துக்குச் சம்பளமில்லாத் தொண்டராகப் போய்ச் சேர்ந்தார். சங்கம் என்றால் மாடியில் ஓர் அறை, ஒரு தொலைபேசி, ஒரு பழைய கணினி, தொலைபேசியை எடுக்க ஓய்வுபெற்ற விக்டோரியா டீச்சர். அவ்வளவுதான். ஊர் ஊராக முகாம் போட்டுச் சேர்த்த கொடையாளர்களின் விவரமெல்லாம் அந்தக் கணினிக்குள் இருந்தது. யாராவது ரத்தம் கேட்டு வந்தால் டீச்சர் ரத்த வகையைத் தட்டுவார். கணினி ஏழு விநாடி யோசித்துவிட்டுப் பெயர்களைக் காட்டும்.

டீச்சருக்கு அது நீளமாகவே தெரியவில்லை. அதற்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். குமாரதாஸுக்கோ நெஞ்சில் முள் ஏறியதுபோல இருந்தது.

"ஏழு விநாடியா டீச்சர்? ஷார்ஜாவுல இப்பிடி ஒரு குவெரி எழுதுனா வேலைய விட்டே அனுப்பிருவான்."

தகவல்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு அந்தத் தொழிலில் குவெரி என்று பெயர். அதை எப்படி அளப்பது? வண்ணம் வண்ணமாகப் பொத்தான்கள் உள்ள திரையில் அளப்பது விவரம் கெட்டவர்களின் வேலை. குமாரதாஸ் கருப்புத் திரையைத் திறந்து, வெள்ளை எழுத்தில் கட்டளையைத் தட்டி, அதன் முன்னால் 'டைம்' என்ற சொல்லையும் சேர்த்து, விரலை உயர்த்தி, ஆலய மணி அடிப்பவரின் பக்தியோடு என்டரை அழுத்துவார். எத்தனை விநாடி ஆயிற்று என்று கீழே வரும். மறுபடி அழுத்துவார். மறுபடியும். ஒரே கேள்வியை ஐம்பது முறை கேட்டுச் சராசரி எடுத்தால்தான் அதற்குப் பெஞ்ச்மார்க் என்று பெயர். முதல் தடவை வந்த எண்ணை மட்டும் கணக்கில் சேர்க்க மாட்டார். மெஷின் அப்போது சூடாகவில்லையாம். சரிதான், சாஸ்திரப்படி அது நியாயமே. ஆனால் ரத்தம் கேட்டு வருகிறவன் ஒரே கேள்வியை ஐம்பது முறை கேட்பதில்லையே? அவன் முதல் தடவையோடு போய்விடுகிறானே?

இதையெல்லாம் அவரிடம் கேட்கக் கூடாது. டீச்சர் ஒருநாள் கேட்டார்.

"தாசு, இது சட்டுன்னு வந்து எனக்கு என்ன செய்ய? நான் போன எடுத்து நம்பர் அமுக்கதுக்கே ஒரு நிமிசம் ஆவுமே."

"அது உங்க வேகம் டீச்சர். அத அளந்தா நீங்க வருத்தப்படுவிய."

ஏழு விநாடிக்குக் காரணத்தையும் அவர் கண்டுபிடித்தார். முகாம்களில் எழுதியவர்கள் பல பேர். ஒருவர் 'ஓ நெகட்டிவ்' என்று முழுதாக எழுதியிருந்தார், இன்னொருவர் சுருக்கி 'ஓ நெக்' என்றார், வேறொருவர் ஓ போட்டு ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். பழைய குவெரி ஒவ்வொருவரையும் நிறுத்தி, நீ இதில் எந்த வகை என்று விசாரித்துக்கொண்டே போனது. கலியாண வீட்டு வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் குசலம் கேட்கும் மாமா மாதிரி. குமாரதாஸ் மாமாவை வீட்டுக்கு அனுப்பினார். ஓ, ஒரு சிறு கோடு, நெகட்டிவ். இப்படி ஓர் எழுத்தும் பிசகாமல் இருப்பவரை மட்டும் எடுத்தால் போதும் என்று மாற்றி எழுதினார். தன்னுடைய ரத்த வகையான பி பாசிட்டிவைத் தட்டி, தன் பெயர் வருகிறதா என்று சோதித்தார். வந்தது. வராமல் என்ன? அதைத் தட்டெழுதியது அவரேதானே.

ஏழு விநாடி, ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்காகச் சுருங்கியது. அன்று காலை டீச்சருக்கு அவர் வாழைக்கா பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அன்று நண்பகலில் இனயம் என்ற கடலோர ஊரிலிருந்து ரிஜோ மாடிப்படி ஏறி வந்தான். கடலுக்குப் போகிறவன். முப்பது வயது இருக்கும். கால்சட்டையில் கடற்கரை மணல் அப்படியே ஒட்டியிருந்தது. அவன் மனைவி லிஜிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. இங்கே ஒரு மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். இருந்த ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள், இன்னும் வேண்டும். ஓ நெகட்டிவ்.

"இரி மக்கா" என்றார் டீச்சர். "தாசு, பாரு."

குமாரதாஸ் கருப்புத் திரையில் தட்டினார். விரலை எடுக்குமுன் பதில் வந்துவிட்டது. ஆள் எவரும் இல்லை. நேரம்: சுழியம், புள்ளி, சுழியம், சுழியம்.

அவர் வாழ்க்கையில் அத்தனை சுழியங்களைச் சேர்த்துப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு கணம் முகம் மலரத்தான் செய்தது. டீச்சர் அதைப் பார்த்தார். ரிஜோவும் பார்த்து, ஆள் கிடைத்துவிட்டார் என்று நம்பி எழுந்து நின்றான்.

"யாரு அண்ணே? எந்த ஊரு?"

"இல்ல... ஒருத்தரும் இல்லன்னு காட்டுது."

ரிஜோ திரையைப் பார்த்தான். குமாரதாஸைப் பார்த்தான்.

"அண்ணே, கோவப்படப்பிடாது. இது பாத்துட்டுதான் சொல்லுதா?"

பதிவேட்டைத் திருப்பாமலேயே 'இல்லை, நாளைக்கு வா' என்று சொல்லும் அலுவலகக் குமாஸ்தாவை நீங்களும் நானும் சந்தித்திருக்கிறோம். உலகத்திலேயே வேகமான பதில் அவரிடம்தான் கிடைக்கும். அப்படி ஒருவரைத் தானே செய்து கணினிக்குள் உட்காரவைத்திருப்பது குமாரதாஸுக்கு அந்த நொடியில் விளங்கியது. அழித்த பழைய குவெரியை நினைவிலிருந்து தட்டினார். இரண்டு முறை பிழை வந்தது. ஷார்ஜாவில் வேலை பார்த்த விரல்கள்தான்.

"பைய அடி தாசு" என்றார் டீச்சர்.

மூன்றாம் முறை பிழை வரவில்லை. எதுவுமே வரவில்லை. வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. ரிஜோ உதட்டுக்குள் ஜெபம் சொன்னான். ஏழு விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று குமாரதாஸ் முதல்முறையாக அறிந்தது அன்றுதான்; அன்றைக்குத்தான் அவர் அதை அளக்கவில்லை.

பெயர்கள் வந்தன. டீச்சர் அழைத்த முதல் எண் அணைந்து கிடந்தது. இரண்டாவது ஆள் குவைத்துக்குப் போய்விட்டதாக அவர் வீட்டில் சொன்னார்கள். மூன்றாவது பெயர் பொன்னுலிங்கம், தோவாளை, பூ மொத்த வியாபாரி. டீச்சர் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்னே அங்கிருந்து குரல் கேட்டது.

"ஆஸ்பத்திரி பேரச் சொல்லுங்க டீச்சர். இன்னா கெளம்பிட்டேன்."

ரிஜோவோடு டீச்சரும் குமாரதாஸும் காத்துநின்ற மருத்துவமனைக்கு, ஈரச் சட்டையில் பிச்சிப்பூ இதழ்கள் ஒட்டியபடியே அவர் வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்து அவர் ஊர்க்காரர் இன்னொருவரும் வந்தார். மாலைக்குள் லிஜிக்கு ரத்தப்போக்கு நின்றது. பெண் குழந்தை. ரிஜோ பொன்னுலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமாரதாஸும் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லாரும் திரும்பினார்கள்.

"தோவாளையில இருந்து வர எத்தன நிமிசம் ஆச்சு அண்ணாச்சி?"

"வாச்சு கையில கெட்டல தம்பி" என்றார் பொன்னுலிங்கம். "வேகம் வந்தேன்."

மறுநாள் டீச்சர் சங்கத்துக்கு வந்தபோது குமாரதாஸ் கருப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். திருந்தவில்லையா என்கிறீர்களா? பாதி திருந்தியிருந்தார். ஒவ்வொரு கொடையாளரின் ரத்த வகையையும் ஒரே மாதிரி எழுத்தில் திருத்திக்கொண்டிருந்தார். அளந்தே பழகாத மனிதர் செய்யாத வேலை அது. முடித்துவிட்டு என்டரை அழுத்தினார். திரையில் பொன்னுலிங்கமும் வந்தார், வேகமும் வந்தது. உடனே மறுபடி அழுத்தினார். பிறகு ஐம்பது முறை. மெஷின் சூடாக வேண்டுமே!

இதைப் படித்து நீங்கள் சிரிக்கிறீர்கள், எனக்குச் சந்தோஷம். நீங்கள் அந்த இனம் இல்லை, ஒருபோதும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: படிக்கத் தொடங்குமுன், இது எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தீர்களா, இல்லையா?