காலுக்கு மட்டும் ஏறிய சத்து

விருத்தாசலம்
3.9.2006

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் ராஜ்மோகனுக்கு, அம்மா எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். மருமகள் பூங்கோதை சுகம். உன் மகள் வர்ஷினி மூன்றாவதில் முதல் ரேங்க். என் கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகினால் வேறென்ன வரும்? நான் ஐந்தாவதோடு நின்றவள் என்றால் யாரும் நம்புவதில்லை.

நிற்க. அப்பாவின் மறதிக்காக நீ லீவு போட்டு வர வேண்டாம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தலைமுறையா கறி, கவிச்சி தொடாத குடும்பமா? பி வைட்டமின் கொறஞ்சிருக்கும்மா, அதான் காலு மதமதப்பு. மறதியும் அதனாலயா இருந்தா, மாத்திரையில திரும்பும்" என்றார். அந்த 'இருந்தா'வை நான் அங்கேயே விட்டுவிட்டு, 'திரும்பும்' என்பதை மட்டும் வூட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் மாத்திரையை உன் அப்பா விழுங்கினால்தானே? செராமிக் பாக்டரியில் சூளையிலிருந்து இறங்கின சாமானைத் தட்டி, சத்தத்தை வைத்தே தேறும், தேறாது என்று பிரித்த மனுஷன், மாத்திரையைத் தட்டில் தட்டிப் பார்த்து, "சத்தமே இல்ல, வேகாத சரக்கு" என்று வாசலில் எறிந்துவிட்டார். வாழைப்பழத்தில் ஒளித்துக் கொடுத்தேன். பழத்தைப் பக்கத்து வூட்டு நல்லமுத்துவோட ஆட்டுக்கு ஊட்டினார். அந்த ஆடு இப்போ சொந்த வூட்டை மறந்தாலும் நம்ம வூட்டை மறக்கறதில்லை. "எங்க ஆட்டுக்கு என்னா வச்சீங்க அத்த?" என்று நல்லமுத்து சண்டைக்கு வந்தான். "ஒன் ஆட்டுக்காவது ஞாபகம் வந்துச்சே, போடா" என்று அனுப்பினேன். கடைசியில் இட்லிப் பொடியில் இடித்துக் கலந்தேன், உள்ளே போச்சு.

மாத்திரை பொய் சொல்லலடா. மதமதப்பு போச்சு, வாய்ப்புண் ஆறிப்போச்சு, சுவரைப் பிடித்து நடந்தவர் கைவீசி நடக்கிறார். எங்கே நடக்கிறார்? ஷிப்டுக்கு! விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பாக்டரி கேட்டில் போய் நிக்கறாரு. முன்னெல்லாம் வூட்டுக்குள்ளேயே மறந்துக்கிட்டு இருந்தாரு, இப்போ மங்கலம்பேட்டை ரோடு வரைக்கும் போய் மறக்கறாரு. நேற்று பின்னாலேயே ஓடினேன். புது வாட்ச்மேன், "பேரு என்னா பெரியவரே?" என்றான். இவர் என்னைப் பார்த்தார். நான் எப்படிச் சொல்ல? தாலி ஏறின நாளாக அந்தப் பேரை வாயால் சொன்னதுண்டா? "பெருமாள் பேருப்பா, முன்னாடி ஆதி வரும்" என்றேன்.

"ஆதிமூலமா?"

"இல்ல."

"ஆதிகேசவனா?"

"கிட்ட வந்துட்ட."

இவரும் கூடவே நின்று யோசித்தார், யாரோ எதிர்வூட்டுக்காரர் பேரு மாதிரி. பாவம், அந்தப் பிள்ளை பேர் தெரியாமலேயே ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

இதற்கெல்லாம் நீ கவலைப்படாதே. சாப்பாடு நன்றாக இறங்குது. லீவை வீணாக்காமல் பொங்கலுக்கு வந்தால் போதும். பழமலைநாதரும் பெரியநாயகியும் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா கண்ணம்மாள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை கதவைச் சாத்திவிட்டு, அவர் காதோரம் அந்தப் பேரைச் சொன்னேன். சொல்லும்போதே உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அவர் சிரித்தார். "நல்ல பேரும்மா. உங்க வூட்டுக்காரருங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். உன் பேரு மட்டும் இன்னும் சொல்றாரு. பொங்கல் வரைக்கும் வேணாம்ப்பா, வந்துடு.