ஊக்கு அக்காவுக்கு எந்தப் பக்கம்?

திருவனந்தபுரத்தில் ஊக்கு அக்காவை மிஞ்சிப் பொய் சொல்ல இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். அரசியல்வாதிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தாலிச் சங்கிலியில் தாலியைத் தேட வேண்டிய அளவுக்கு ஊக்குகள் தொங்கும். அதனால் அந்தப் பெயர். ஆனால் நான் அவரைச் சந்தித்தது கடையில் அல்ல, புற்றுநோய் மருத்துவமனையில். மார்பில் கட்டி வந்து கீமோவுக்காக நான் காத்திருந்த பெஞ்சில், எப்போதோ சிகிச்சை முடிந்துபோன அவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்திருப்பார். தமிழ் பேசும் பெண் எவள் என்று வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

"எந்தப் பக்கம் மக்ளே?"

"இடதுக்கா."

"எனக்கும் இடதாக்கும். இப்ப பாரு, கல்லு மாதிரி இருக்கேன்."

வலது என்றால் அவருக்கும் வலது. முடி கொட்டுமோ என்று பயந்தவளிடம் தனக்குக் கொட்டவே இல்லை என்பார். கொட்டிவிட்டதே என்று அழுதவளிடம், "எனக்குப் புருவமே போச்சுட்டி" என்பார். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்துவிட்டால் நடுவில் என்னை உட்காரவைத்துவிடுவார்.

நான் மலையாளத்தில் சண்டையே போடுவேன். பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்களுக்கு அது முடியுமா? ஆலோசனை வகுப்பு மலையாளம், கையில் கொடுக்கும் புத்தகம் மலையாளம். "மனசிலாயோ?" என்று கேட்டால் பாவம், தலையாட்டுவார்கள். அப்படி ஆட்டிவிட்டு மலையேறிப் போய், திரும்பி வராமலே போனவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஊக்கு அக்கா வந்தபிறகு தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், கொசுறாகக் கொஞ்சம் பொய்யோடு.

செல்வி தேயிலை பறிப்பவள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு மார்பை எடுக்க அட்மிஷன். அதற்கு ஒரு வாரம் முன்னால், கேன்டீன் வரிசையில் இன்னொரு பெண்ணோடு பேசியபோதுதான், இவளிடம் இடது என்ற ஊக்கு அக்கா அவளிடம் வலது என்றிருக்கிறார் என்பது தெரிந்தது. நேராக அக்காவிடம் வந்தாள்.

"உங்களுக்கு நெசமாவே நோவு வந்துச்சாக்கா? இல்ல, ஆஸ்பத்திரியில பேசறதுக்கு வச்சிருக்காங்களா?"

ஊக்கு அக்கா விறுவிறுவென்று எழுந்தார். செல்வியின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போய், ரவிக்கை ஊக்குகளைக் கழற்றி, மார்பை எடுத்த தழும்பைக் காட்டியிருக்கிறார். வினையே அதுதான். பொய்யைக் கேட்டுத் தைரியமாக இருந்தவள், நிஜத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனாள்.

"எனக்கு ஆபரேஷன் வேணாம். இருக்கற வரைக்கும் முழுசா இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

"பேசாம பொய்யே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றார் ஊக்கு அக்கா. அதற்குப்பிறகு அன்று வந்த ஒருத்தியிடமும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கீமோவைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவமனை வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பையோடு செல்வி இறங்கினாள். அவள் தோளில் கண்ணை மூடிச் சாய்ந்தபடி, தலை கலைந்து, ஊக்கு அக்கா.

முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் பொன்முடி பஸ் ஏறியிருக்கிறார். டவுன் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிற மனுஷி! கொண்டை ஊசி வளைவு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் செல்வியின் லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாயில் விழுந்தவர்தான். வழிநெடுக யோசித்து வைத்திருந்த புத்திமதியில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டவள் செல்வி.

நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து ஊக்கு அக்காவை அதில் உட்காரவைத்தார். "இவராணோ பேஷன்ட்?"

"நான்தாங்க" என்றாள் செல்வி. பிறகு என் காதருகே, "இவங்கள இந்த நெலமையில தனியா எப்படிக்கா அனுப்பறது? அதான் கூட்டிட்டு வந்தேன். வந்தது வந்துட்டேன், சேந்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேட்டேன். "அக்கா, அந்த மயக்கம் நெஜமா, நடிப்பா?"

"எதச் சொன்னா நம்புவியோ, அதாக்கும்."

செல்வியை வெளியே கொண்டுவரும்வரை அவர் என் கையை விடவில்லை. விடுவித்துக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை.